ஒடியல் மணக்கும் ஊருக்கு

சில உணவுகளின் பெயரைச் சொன்னாலே ஓர் ஊரின் பெயரும் சேர்ந்து வந்துவிடும். பெருநாளன்று நம் வீடுகளில் தட்டில் வைக்கும் மஸ்கட், ஓமான் நாட்டின் துறைமுகத் தலைநகரின் பெயரையே தாங்கியிருக்கிறது. சம்பலுக்கு இடிக்கும் மாசியை மாலைதீவு மாசி என்று கேட்டு வாங்குகிறோம். உலகச் சந்தையில் நமது கறுவாவுக்கு இன்றும் 'சிலோன் கறுவா' என்றே பெயர். நாட்டின் பெயர் 1972 இல் மாறிய பின்பும் கறுவாவின் பெயர் மாறவில்லை.

உணவுக்கும் ஊருக்கும் உள்ள உறவு பெயரோடு நின்றுவிடுவதில்லை. ஓர் ஊரின் மண், மழை, வெயில், அங்கு வாழும் மக்களின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்தே ஒரு பண்டத்தை உண்டாக்குகின்றன. அப்படியாயின், அந்த மக்கள் அந்த மண்ணை விட்டுப் பெயர நேர்ந்தால் உணவு என்ன ஆகும்? மக்களோடு போகுமா, மண்ணோடு தங்குமா? இலங்கை முஸ்லிம்களில் ஒரு பகுதியினருக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எம் சகோதரர்கள் இந்தக் கேள்வியோடுதான் முப்பது வருடங்களுக்கும் மேலாக அடுப்பு மூட்டி வருகிறார்கள். அதை நேரில் கேட்டறிய, புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை ஒரு பயணம் போய்வந்தேன்.

கப்பலில் வந்த சுவை

புத்தளம் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு இப்னு பதூதா நினைவுக்கு வருவார். மாலைதீவில் காழியாகப் பணியாற்றிய அந்த மொரோக்கோ நாட்டுப் பயணி, 1344 இல் அங்கிருந்து புறப்பட்டு இலங்கைக் கரையில் இறங்கினார். அவர் 'பத்தாலா' எனக் குறிப்பிடும் பட்டினம் இன்றைய புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆரியச் சக்கரவர்த்தி அவரை அங்கு வரவேற்று, பாவாத மலைக்குப் போகவும் உதவி செய்தார். கரை முழுவதும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததைத் தமது பயண நூலில் இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த அந்த மரங்களை மலபார், மஃபர் கரைகளிலிருந்து வந்தவர்கள் ஏற்றிச் சென்றார்களாம். அதற்கு ஈடாக மன்னருக்குத் துணிமணிகளைப் பரிசளித்தார்களாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தளம் மழை குறைந்த உலர் வலயம். கறுவாவோ ஈர மண்ணில், தென்மேற்கு இலங்கையில் செழிப்பது. ஆகவே பயணி கண்டது கறுவா விளையும் ஊரையல்ல. அது கைமாறும் ஊரையே. வெளிநாட்டவர் வாயில் ஒரு பொருளின் பெயரோடு ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் துறைமுகத்தின் பெயர்தான். விளைவித்தவனின் ஊர் உள்ளே மறைந்துவிடுகிறது.

மாசியின் கதை வேறு. மாலைதீவு மீனை அவித்து, புகையில் உலர்த்தி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்புகிறார்கள் என்று இதே பயணி எழுதினார். ஏறக்குறைய 680 வருடங்களின் பின்பும் அந்த முறை அடியோடு மாறிவிடவில்லை. மாலைதீவு மக்களின் திவெஹி மொழியில் மீனுக்கு 'மஸ்' என்றே பெயர். நெல் விளையாத, பனையும் கித்துளும் இல்லாத அந்தப் பவளத் தீவுகளில் கடல் ஒன்றே வயல். அந்த வயலின் விளைச்சலைக் கெடாமல் கப்பலேற்றும் வழியாகத்தான் மாசி பிறந்தது.

கப்பலில் வந்து இங்கே வேரூன்றிய பண்டமும் உண்டு. நமது வட்டிலப்பத்தைப் பாருங்கள். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், அதாவது 1658 க்கும் 1796 க்கும் இடையில், ஜாவா முதலிய தீவுகளிலிருந்து போர் வீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களின் வழியாகவே அது இங்கு வந்தது என்பது பரவலான கருத்து. முட்டையும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து ஆவியில் அவிக்கும் 'ஸ்ரீகாயா' என்ற பண்டம் மலாய் நாடுகளில் இன்றும் உண்டு. ஆனால் நமது வட்டிலப்பத்தின் நிறமும் மணமும் அதற்கில்லை. காரணம், இங்கே அதற்குள் போவது கித்துள் கருப்பட்டி. கேகாலை, இரத்தினபுரி, கண்டி, மாத்தறைப் பகுதிகளின் ஈரமான காட்டோரங்களில் வளரும் கித்துள் மரத்தின் பூம்பாளையைச் சீவி, வடியும் நீரைக் காய்ச்சி எடுப்பது அது. செய்முறை கடல் கடந்து வந்தது. சுவையைக் கொடுத்தது இந்நாட்டு மலை. அதனால்தான் சீனி கலந்த போலிக் கருப்பட்டியில் செய்த வட்டிலப்பம் பார்வைக்குச் சரியாக இருந்தாலும் வாயில் வைத்ததும் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

பண்டத்துக்கும் பிறந்த மண்ணுக்கும் உள்ள இந்த உறவை இப்போது சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் கறுவா'வுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. இலங்கைப் பொருளொன்றுக்கு இது கிடைத்தது அதுவே முதற் தடவை. இனி வேறு நாட்டுப் பட்டையை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. பொருளொன்று தான் பிறந்த ஊரின் பெயரை உரிமையோடு சொல்லிக்கொள்ள வழி செய்தாயிற்று. மனிதர் விஷயத்தில் அது அவ்வளவு இலேசாக இருக்கவில்லை என்பதைத்தான் புத்தளத்தில் கண்டேன்.

தில்லையடியில் ஒரு பகல்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் கடந்து புத்தளம் போகும் வழியெங்கும் தென்னைதான். ஊர் நெருங்க நெருங்க காற்றில் ஈரம் குறைந்து உப்பு கூடுகிறது. களப்பை ஒட்டி உப்பளங்கள் வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்கு ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டு, உடுத்த உடையோடும் சொற்பப் பணத்தோடும் அவர்கள் வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகுகளில் ஏற்றப்பட்டுக் கல்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பெரும்பாலானோருக்கு ஒதுங்க இடம் கொடுத்தது புத்தளம் மாவட்டம். அவ்வூர் முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தங்கள் வீட்டு முற்றங்களையும் திறந்துவிட்டார்கள். சில நாட்களுக்கு என்று கொடுத்த இடம் வருடக் கணக்கில் நீண்டது. கிணற்றிலும் வகுப்பறையிலும் தொழிலிலும் நெருக்கடி வந்தது. அப்படியிருந்தும் அவர்கள் கொடுத்ததை மறக்கலாகாது.

தில்லையடியில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து வளர்ந்து, ஐந்து பிள்ளைகளோடு வெளியேறியவர். ஓலைக் கொட்டிலாக இருந்த வீடு இப்போது கல் வீடாகியிருக்கிறது. இஞ்சி போட்ட தேநீரைத் தந்துவிட்டு, "என்ன மகன் கேக்கப் போறீங்க? துரத்தினதையா? அதை எல்லாரும் கேட்டு எழுதிப்போட்டினம்" என்றார்.

"இல்லை உம்மா, சமையலைக் கேட்க வந்தேன்" என்றதும் முகம் மாறியது. சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

"எங்கட ஊரில மாசத்தில ஒரு நாளாவது கூழ் காய்ச்சுவம். ஒடியல் மாவை முதல் தண்ணியில ஊறப்போட்டு, அந்தக் கைப்புத் தண்ணியை வடிச்சுப்போட வேணும். பானையில மீன், றால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை எல்லாம் அவியும். செத்தல் மிளகாய் அரைச்சு, புளி கரைச்சு விட்டு, கடைசியிலதான் மாவைக் கரைச்சு ஊத்திறது. நண்டு போடுற வீடும் இருக்கு, போடாத வீடும் இருக்கு. எங்கட வாப்பா நண்டு தின்னமாட்டார். அதால எங்கட கூழில மீனும் றாலும்தான்."

"இங்கு வந்த பிறகு?"

"இங்க தேங்காய்க்குக் குறைவில்லை. மீனுக்கும் குறைவில்லை. ஒடியல் மாதான் இல்லை. அந்தக் காலத்தில பாதையும் இல்லை, ஆரிட்டச் சொல்லி எடுக்கிறது? மரவள்ளி மாவில ஒருக்கா காய்ச்சிப் பார்த்தன். பிள்ளையள் குடிச்சினம். எனக்குத்தான் தொண்டையால இறங்கயில்லை."

2002 இல் போர் நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது ஊரைப் பார்க்கப் போன அவருடைய மகன் இரண்டு கிலோ ஒடியல் கொண்டுவந்தாராம். அன்று பக்கத்து வீடுகளிலிருந்த ஊரவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கூழ் காய்ச்சினாராம். "பன்னிரண்டு வருசம் மகன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். 2006 இல் பாதை மறுபடி மூடப்பட்டு, 2009 இல் போர் முடிந்த பின்பே நிலையாகத் திறந்தது.

அவருடைய பேத்தி புத்தளத்தில் பிறந்தவள். ஆசிரியப் பயிற்சி பெறுகிறாள். "கூழ் பிடிக்குமா?" என்று கேட்டேன். "உம்மம்மா காய்ச்சினாக் குடிப்பேன். ஆனா எனக்கு ஊர் புத்தளம்தான்" என்றாள். அந்தப் பதிலில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. மூதாட்டியும் கோபிக்கவில்லை. அந்த வீட்டிலே ஒரு கூரையின் கீழ் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று நினைவில், ஒன்று முற்றத்தில்.

பனையின் கணக்கு

புத்தளத்திலிருந்து அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார்ப் பாதையில் திரும்பினால், செட்டிகுளத்தைக் கடந்து முருங்கனை அடையும்போது கட்டுக்கரைக் குளத்து வயல்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. அதன் பின்பு நிலம் வெளிறுகிறது. பாலத்தைத் தாண்டி மன்னார்த் தீவுக்குள் போனால் பனைகள் வரிசை வரிசையாக எதிர்கொள்கின்றன. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரமும் தெருவில் திரியும் கழுதைகளும் அராபிய வணிகர்கள் விட்டுச் சென்றவை என்று ஊரில் சொல்கிறார்கள்.

பனையிலிருந்து வரும் உணவுகள் ஏன் வடக்கோடு மட்டும் இவ்வளவு ஒட்டியிருக்கின்றன? மரத்தின் வருடக் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

பனம்பழம் ஆடி, ஆவணியில் விழுகிறது. அப்போது நல்ல வெயில். பழத்தின் களியைப் பிழிந்து பாயில் படை படையாகப் பூசிக் காயவைத்தால் அது பனாட்டு. மாவும் சீனியும் சேர்த்துப் பிசைந்து எண்ணெயில் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். மிஞ்சிய கொட்டைகளை மணற் பாங்கான நிலத்தில் பாத்தி கட்டி அடுக்கி மண்ணால் மூடிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பெய்கிறது. கொட்டை முளைத்து, வேர்போல நிலத்துக்குள் இறங்கிக் கிழங்காகிறது. தை, மாசியில் அதைக் கிண்டி எடுக்கும் வேளை மழை ஓய்ந்து வெயில் திரும்பிவிடுகிறது. பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மழை எப்போது வேண்டுமோ அப்போது மழை. வெயில் எப்போது வேண்டுமோ அப்போது வெயில். ஈர வலயத்தின் காற்றில் இதே கிழங்கைக் காயப்போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஆறு ஓடாத சுண்ணாம்புக் கல் நிலம் யாழ்ப்பாணம். நெல் பொய்த்த வருடங்களில் பனங்கிழங்கே அங்கு பசி தீர்த்தது. நன்றாகக் காய்ந்த ஒடியல் மாதக் கணக்கில் கெடாது. வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் ஒடியல் இருந்தது. கூழும் பிட்டும் அப்படிப் பஞ்சத்துக்கு எதிராகச் சேமித்த உணவாகப் பிறந்து, பின்பு விருந்தாக வளர்ந்தவை.

நமக்கு முக்கியமான இன்னொன்றும் பனையில் உண்டு. பாளையிலிருந்து வடிகின்ற நீர் ஒன்றுதான். வெறும் முட்டியில் விழுந்தால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடுகிறது. அது நமக்கு ஹராம். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் புளிக்காமல் இனிப்பாகவே நிற்கிறது, அதுதான் கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே நீர். ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு அதை ஹலாலின் பக்கத்தில் நிறுத்திவைக்கிறது. வடக்கு முஸ்லிம் வீடுகளில் தேநீரோடு கடித்துக்கொள்ளப் பனங்கட்டி இருந்தது இந்தச் சுண்ணாம்பின் தயவால்தான்.

அந்தச் சுண்ணாம்பைப் பூசியது யார்? மரமேறிச் சீவியது யார்? அது பெரும்பாலும் அயலிலிருந்த தமிழ்ச் சகோதரர்களின் தொழில். ஒடியல் காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களும் தமிழ்ப் பெண்களே. முஸ்லிம்கள் அவர்களிடம் ஒடியலும் பனங்கட்டியும் வாங்கினார்கள். அவர்கள் முஸ்லிம்களின் கடைகளில் இறைச்சியும் இரும்புச் சாமானும் வாங்கினார்கள்; முஸ்லிம் தையற்காரர்களிடம் துணி தைத்தார்கள். ஆகவே சோனகதெருவின் கூழ்ப்பானையில் மண்ணும் மரமும் மட்டுமன்றி அயலவரும் இருந்தார்கள். 1990 இல் அறுந்தது அந்த முழு இணைப்பும்தான். கல்பிட்டிப் பக்கத்திலும் பனை மரம் இல்லாமலில்லை. ஆனால் பாத்தி போட்டு, கிழங்கு கிண்டி, ஒடியல் காயவைத்துத் தலையில் சுமந்து வாசலுக்கு வரும் அந்த அயலவர் அங்கே இல்லை.

சங்குப்பிட்டியைக் கடந்து

மன்னார்ப் பெருநிலத்திலிருந்து விடத்தல்தீவு, வெள்ளாங்குளம் வழியாகப் பூநகரி நோக்கி ஏ-32 பாதை கடலை ஒட்டிப் போகிறது. விடத்தல்தீவிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். முன்பு பூநகரியில் நிலம் முடிந்து கடல்நீரேரி குறுக்கிட்டது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்பு தெற்கிலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் போவோருக்குத் தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பாலத்தில் நின்று பார்த்தால் இருபுறமும் ஆழமற்ற நீர். தூரத்தில் வட்டுகள் கறுத்துத் தெரியும் பனங்கூடல்.

அந்தப் பனங்கூடல்களும் போரில் தப்பவில்லை. பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்கும் பெருந்தொகையான மரங்கள் தறிக்கப்பட்டன. எறிகணை பட்டு வட்டு இல்லாமல் போன மரங்களும் எண்ணற்றவை. 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை புதிய கன்றுகளை நாட்டுவதில் ஈடுபட்டு வருகிறது. ஆனால் பனை ஆறுதலாக வளரும் மரம். காய்ப்பதற்குப் பதினைந்து, இருபது வருடங்கள் செல்லும். வாப்பா நட்ட மரத்தில் மகன்தான் பழம் பொறுக்குவான்.

யாழ்ப்பாணச் சந்தையில் பனம் பொருள்களுக்கென்றே ஒரு பக்கம் உண்டு. குட்டான்களில் பனங்கட்டி, கட்டுக் கட்டாக ஒடியல், பொலித்தீன் பைகளில் மா, பாயிலிருந்து உரித்த பனாட்டு. வயதான ஒரு தாயிடம் இரண்டு கிலோ ஒடியல் கேட்டேன்.

"ஆருக்குத் தம்பி இவ்வளவு?"

"புத்தளத்திலே ஒரு பெரியம்மாவுக்கு, அம்மா. சோனகதெருவிலே இருந்தவர்."

அவர் தராசை இறக்கி வைத்தார். "முந்தி சோனகதெருவால வந்து வாங்கிற ஆக்கள் கன பேர். நோன்பு முடியுற நேரம் பனங்கட்டிக்கு அடிபடுவினம். பிறகு ஒருத்தரும் இல்லை. நாங்களும் இடம்பெயர்ந்து திரிஞ்சனாங்கள்தானே. இப்ப கொஞ்சப் பேர் வருகினம்." நிறுத்துக் கட்டியபின் ஒரு துண்டு பனாட்டையும் பையில் வைத்தார். காசு கொடுக்கப் போனதற்கு, "அது அந்த அம்மாவுக்கு" என்று கையைத் தடுத்துவிட்டார்.

சோனகதெருவில் பாங்கொலி கேட்கிறது. ஒஸ்மானியாக் கல்லூரியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். திருத்திக் கட்டிய வீடுகளுக்கு நடுவே கூரையில்லாத சுவர்களும் நிற்கின்றன. சில சுவர்களுக்குள் மரங்கள் வளர்ந்து கிளை பரப்பியிருக்கின்றன. தொழுகை முடிந்து வந்த ஒரு கடைக்கார நானாவோடு பேசிக்கொண்டிருந்தேன். கடை இங்கே, குடும்பம் புத்தளத்தில். மாதத்தில் இரண்டு தடவை போய்வருகிறார்.

"ஏன் நானா, குடும்பத்தையும் கூட்டி வரலாமே?"

"வந்து ஒரு வருசம் இருந்து பார்த்தம். பிள்ளையளின்ட படிப்பு அங்க, கூட்டாளிமார் அங்க. மனிசியும் அங்க வளர்ந்தவதானே. வாப்பான்ட காணியைத் துப்புரவாக்க ஒரு மாசம் போதும். பிள்ளையின்ட மனசில ஊரை நடுகிறதுக்கு எவ்வளவு காலம் வேணும்?"

திரும்பி வந்தவர்கள் உண்டு. வந்து பார்த்துவிட்டு மறுபடியும் போனவர்கள் உண்டு. காணி, வீடு, பதிவு என்று இழுபடும் அலுவல்களில் களைத்தவர்கள் உண்டு. இரண்டு இடத்திலும் கால் வைத்து நிற்பவர்களே அதிகம் போலத் தெரிகிறது. இவர்களில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்குப் புத்தளம் ஊராக இருப்பது அல்லாஹ் அதற்களித்த நிஃமத். யாழ்ப்பாணம் அதன் உரிமையாக இருப்பதும் நீதி. ஒன்றுக்காக மற்றதைக் கைவிடச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.

நோன்பு திறக்கும் தட்டு

எடுத்துக்கொண்ட கேள்விக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பதில் இதுதான். மாசியைப் போன்ற உணவு கப்பலேறிப் போகும்; எங்கு போனாலும் மாசியாகவே இருக்கும். வட்டிலப்பத்தைப் போன்ற உணவு செய்முறையாக வந்து, புதிய மண்ணின் பொருளை ஏற்றுப் புதிதாகப் பிறக்கும். கூழைப் போன்ற உணவோ பிறந்த இடத்தையும் அங்குள்ள அயலவரையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் காய்ச்ச வேண்டுமென்றால் ஒருவர் அங்கே போக வேண்டும், அல்லது அங்கிருந்து ஒருவர் வர வேண்டும்.

இதிலே நமக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. உணவு முழுவதும் எடுத்துச் செல்லக்கூடியதாக இருந்திருந்தால், ஊர் மறந்து போயிருக்கும். தில்லையடி மூதாட்டியின் பானை ஒடியல் இல்லாமல் நிரம்ப மறுத்தபடியால்தான் அவருடைய மகன் பாதை திறந்ததும் அதைத் தேடிப் போனார். ஒடியல் தேடிப் போனவர் பிறந்த வீட்டையும் கண்டார். பழைய அயலவரோடும் பேசினார். கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் பேசப்படும் நல்லிணக்கம் ஒரு சந்தைத் தராசின் இரு பக்கமும் தானாக நடந்துகொண்டிருக்கிறது.

ரமழானில் நம் வீட்டுத் தட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். பேரீச்சம் பழம் அரபு நாட்டுப் பாலையிலிருந்து வந்தது. கஞ்சியில் விட்ட தேங்காய்ப்பால் குருநாகல், புத்தளம் பக்கத்துத் தென்னையிலிருந்து வந்தது. பெருநாளுக்கு அவிக்கும் வட்டிலப்பத்தின் கருப்பட்டி மலைநாட்டுக் கித்துளிலிருந்து வருகிறது. வடக்கு முஸ்லிம் வீடாயின் பனங்கட்டியும் சேரும். பேரீச்சை, தென்னை, கித்துள், பனை என நான்கும் ஒரே குடும்பத்து மரங்கள். ஒவ்வொன்றையும் அல்லாஹ் ஒவ்வொரு மண்ணுக்கென ஆக்கி, ஒரே தட்டில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

வாசகச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் வடக்கில் பிறந்த உம்மம்மாவோ மாமியோ இருந்தால், அவரிடம் கூழும் ஒடியல் பிட்டும் பனங்காய்ப் பணியாரமும் எப்படிச் செய்வது என்று கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையிலேயே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எவ்வளவு மா, எத்தனை தரம் தண்ணீர் மாற்றுவது, புளி எப்போது விடுவது என்பதெல்லாம் அவர்களின் கைகளில் இருக்கிறது, புத்தகங்களில் இல்லை. அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது.

எழுதியதோடு விட்டுவிடவும் வேண்டாம். அடுத்த பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். தை, மாசியென்றால் முற்றங்களில் ஒடியல் காய்வதைப் பார்க்கலாம். சந்தையில் பிள்ளைகள் தங்கள் கையாலேயே வாங்கட்டும்; விற்கும் அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசட்டும். அப்படியே வாப்பா ஓதிய பள்ளியையும் உம்மா பிறந்த வீட்டின் சுவரையும் காட்டுங்கள். அங்கே குடியேறுவதா இல்லையா என்பதைக் காலம் தீர்மானிக்கட்டும். தங்களுக்கு அங்கே ஓர் ஊர் இருக்கிறது என்பதை மட்டும் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.